திம்புள்ள: ஏடுகளும் ஏடேறா வரலாறும்

அற்றனைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை வழியே நானுஓயா நோக்கிப் புகையிரதத்திற் செல்வோர் இருமருங்கும் காணும் தேயிலை மலைகளே திம்புள்ளப் பகுதியாகும். சிங்கள மொழியில் 'திம்புல்' என்பது அத்தி மரத்தின் பெயர். மரத்தை நினைவூட்டும் பெயர் நிலைத்தது, காடு நிலைக்கவில்லை. ஈண்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு சொல். கல்லைக் குறிக்கும் 'கல' என்பதும், காட்டைக் குறிக்கும் 'கெலே' என்பதும் தமிழர் நாவிற் 'கலை' என ஒன்றாயின. கொட்டகலையும் தலவாக்கலையும் அவ்வாறு பிறந்தவையே. ஊரின் பெயரைத் தன் நாவுக்கு இசைய மாற்றிக்கொள்பவனை வழிப்போக்கன் என்று கூறுதல் பொருந்துமா?

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானபின், அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலேயே கோப்பிப் பயிர் முதலிற் பரவிற்று. உயர்ந்த மலைகளைக் கொண்ட திம்புள்ள பிந்தியே திறக்கப்பட்டது. மடூல்சீமையிற் கோப்பி இலைநோய் முதன்முதற் காணப்பட்ட ஆண்டு 1869. அந்நோய் ஏனைய மாவட்டங்களை வாட்டத் தொடங்கிய காலத்திலும் இங்கே கோப்பிக்கெனக் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. 1880களிற் கோப்பி முற்றாக வீழ்ந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது.

இம்மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகத்துக்கு மீண்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். அதிலும் கொழுந்தெடுக்கப் பெண்களின் கை வேண்டும். எனவே ஆடவர் தனித்து வந்த நிலை மாறிக் குடும்பங்கள் லயங்களிற் குடியேறின. மலையகத் தமிழர் ஒரு சமுதாயமாக வேரூன்றியமைக்குத் தேயிலையே தலையாய காரணமெனக் கூறலாம்.

இனி, இம்மக்களைப் பற்றிய ஏடுகள் யாவை? தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர், துரைமார் பெயர் ஆகியவற்றைப் பெர்குசன் விவரக்கொத்து ஆண்டுதோறும் அச்சிட்டு வந்தது. அதிலே தொழிலாளர்க்குப் பெயரில்லை. அவர்களுக்கென எழுதப்பட்டவை வேறு வகையானவை. அவற்றுள் முதன்மையானது 'துண்டு'. கங்காணிக்குச் சேரவேண்டிய கடனைத் தீர்ப்பின், இன்னாரை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. இதன் வழியே கடனும் ஆளும் ஒருங்கே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறின. 1921ஆம் ஆண்டுச் சட்டமே இதனை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிற் புகுத்தப்பட்ட தகரச் சீட்டிலோ, செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருந்தன. செக்ரோலிற் பதியப்படும் 'பேர்' ஒரு நாட் சம்பளத்துக்கு உரியது. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பெயர் என்னும் சொல்லே கூலியின் அளவாகிவிட்ட வேறொரு தமிழ் வழக்கை யாம் அறியோம்.

இவ்வேடுகள் யாவும் கடனையும் உழைப்பையும் குறித்தன. உரிமையைக் குறித்தவை அல்ல. இதன் விளைவு சுதந்திரத்தின்பின் வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவருள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியிற் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டிலேயே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்திருப்பது மட்டும் போதாது, தந்தையும் இந்நாட்டிற் பிறந்தவராதல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தவராதல் வேண்டும் என விதித்தது. மகன் பிறந்த லயம் இருந்தது. தந்தை பிறந்ததற்குப் பத்திரம் இருந்ததோ?

1949ஆம் ஆண்டு இந்திய பாக்கித்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்ததுபோற் காட்டியது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டும். ஓராண்டுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகளல்லாதோரின் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கிரசின் சார்பில் ஒருவர்தானும் தெரிவாகவில்லை.

அதிகாரிகள் கேளாத சான்றுகள் தோட்டங்களிலே இருந்தன. அவற்றுள் தெய்வங்களை முதலிற் குறிப்பிடலாம். மாரியம்மனும் முனியாண்டியும் கடல் கடந்து உடன் வந்தோர். ஆயின், கவ்வாத்துச் சாமியும் கொழுந்துச் சாமியும் அவ்வாறு வந்தவரல்லர்; தேயிலைச் செடியின் அடியிலே தோன்றியவர்கள். கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் அச்சாமிக்குப் பூசை நடைபெறும். தொழிற்சாலைக்கு உரியவர் ரோதைமுனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். போர்த்துக்கேயச் சொல்லையும் ஆங்கிலேயர் நாட்டிய பொறியையும் சேர்த்துத் தமிழ் முனி ஒருவரைக் கண்ட மக்கள், தாம் இருக்கும் இடத்தையே தம் ஊராகக் கொண்டனர் என்பதில் ஐயமில்லை. மாசி மாதத்திற் கம்பம் ஊன்றி ஆடப்படும் காமன் கூத்தும் அத்தகையதே. மன்மதன் எரிந்தபின் இரதி புலம்பும் இரவிற் தோட்டம் முழுவதும் விழித்திருக்கும்.

1948க்குப் பின் 1964 அக்டோபர் 30ஆம் நாளில் இருநாட்டுத் தலைமையமைச்சரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் பங்கீடு 1974இல் முடிவாயிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது.

பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த வேலுப்பிள்ளை, பாராளுமன்ற ஆசனத்தை இழந்த பின்னும் எழுத்தை விடவில்லை. லயங்களிலும் மலைகளிலும் வாய்மொழியாக வழங்கிய பாடல்களை அவர் தொகுத்தார். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் பெயரில் 1983இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.