குளச்சல் முதல் மலபார் வரை

1741இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மர் வென்றார். சிறைப்பட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்தார். அவரது கல்லறையை உதயகிரிக் கோட்டையில் இன்றும் காண்கிறோம்.

பகை உறவாவதும் உறவு முறிவதும் கடலுக்குப் புதிதல்ல. 1992இல் இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் தொடங்கிய ‘மலபார்’ கூட்டுப்பயிற்சி, 1998ஆம் ஆண்டின் பொக்ரான் அணுச்சோதனையால் தடைபட்டு 2002இல் மீண்டது. 2007இல் வங்கக் கடலில் ஜப்பான், ஆஸ்திரேலிய, சிங்கப்பூர்க் கலங்களும் இணைந்தன. 

2017 ஜூலையில் சென்னையை ஒட்டிய கடலில் இந்திய, அமெரிக்க, ஜப்பானியக் கலங்கள் பயின்றன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசிற்று. ஆழ்கடலில் மீனவரைத் தேடும் பணி போதவில்லையென நம் கடற்கரை மக்கள் குழித்துறையில் இரயிலை மறித்தனர். பேரரசுகளின் நட்பை, கரைதிரும்பும் வள்ளங்களைக் கொண்டும் நாம் அளக்கவேண்டும்.