லுவான்ஷியா

சாம்பியாவின் காப்பர்பெல்ட் மாகாணத்தில் உள்ள செம்புச் சுரங்க நகரம். 1902இல் வில்லியம் காலியர் என்ற கனிமத் தேடுநர் லுவான்ஷியா ஆற்றோரம் ரோன் வகை மான் ஒன்றைச் சுட்டார் என்றும், அது விழுந்த பாறையில் செம்புத் தாதுவின் பச்சைக் கறையைக் கண்டார் என்றும் ஊரில் சொல்வார்கள். 1927இல் அமைந்த சுரங்க நிறுவனம் அந்த மானின் பெயரையே ஏற்று 'ரோன் ஆன்டிலோப்' ஆனது.

தொடக்க ஆண்டுகளில் மலேரியா கொத்துக் கொத்தாகப் பலி வாங்கியது. ஆற்றில் உறையும் பெரும் பாம்புதான் காவு கேட்கிறது என்று அஞ்சித் தொழிலாளர்கள் ஓடிப்போனார்கள். மால்கம் வாட்சன் தலைமையில் வந்த மருத்துவக் குழு சதுப்பு நீரை வடியவிட்டு, கொசு முட்டையிடும் இடங்களில் எண்ணெய் தெளித்த பிறகே ஊர் நிலைத்தது. 1931இல் செம்பு உற்பத்தி தொடங்கியது.

வீடும் குடிநீரும் மருத்துவமனையும் நிறுவனம் தந்தவை. சுரங்கத்தை விட்டு நின்றால் வீட்டையும் விட வேண்டும். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் குடியிருப்பு, கூலி, பொழுதுபோக்கு மன்றம் எல்லாமே வேறுவேறு. 1935இல் தலைவரி உயர்வை எதிர்த்து முஃபுலிரா சுரங்கத்தில் மூண்ட வேலைநிறுத்தம் இங்கும் பரவியது. மே 29 அன்று காவலர் சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். தொழிலாளர் சார்பில் பேச நிர்வாகம் இனக்குழு மூப்பர்களையே முன்னிறுத்தி வந்தது. 1949இல் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1953இல் தொழிலாளர்கள் வாக்களித்து அந்த மூப்பர் முறையையே ஒழித்தார்கள். 

1950களில் ஞாயிறு மாலைகளில் பீசா இன இளைஞர்கள் கலேலா நடனம் ஆடினர். வெள்ளைப் பனியன், மடிப்புக் கலையாத கால்சட்டை, பளபளக்கும் காலணி. எண்ணெய் பீப்பாயில் மாட்டுத்தோல் போர்த்திய முரசு. கூட்டத்தில் 'மன்னர்', 'டாக்டர்', வெள்ளுடை 'நர்ஸ்' வேடங்களும் உண்டு. மானுடவியலாளர் கிளைட் மிட்செலின் ஆய்வு இந்நடனத்தை மானுடவியல் மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது. இங்குள்ள ரக்பி மன்றத்தின் கோல் கம்பங்கள் நூறு அடிக்கு மேல் உயர்ந்தவை. ஒருகாலத்தில் உலகிலேயே மிக உயரமானவை என்று புகழ்பெற்றிருந்தவை. ஆனால் தொழிலாளர் குடியிருப்புகள் கொண்டாடியது கால்பந்தைத்தான். ரோன் யுனைடெட் அணி அவர்களுடைய சொந்த அணி.

1970இல் அரசு சுரங்கங்களில் 51 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டது. அதன்பிறகும் விளையாட்டுக்குச் சுரங்கமே படியளந்தது. எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தபோது அரசின் கை சுருங்கியது. 1997இல் இந்தியாவின் பினானி குழுமம் சுரங்கத்தை வாங்கியது. 2000இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. சம்பளம் நின்றது, ஆழக் குழிகளில் நீர் புகுந்தது, மன்றங்களும் மைதானங்களும் பராமரிப்பின்றிப் பாழாயின. ஒரே முதலாளியை நம்பியிருந்த ஊருக்கு மாற்று வழி எதுவும் இருக்கவில்லை; பலர் மக்காச்சோளம் பயிரிட்டும் சிறு வியாபாரம் செய்தும் பிழைத்தனர்.

இடையில் மீண்டும் இயங்கி, உலக நிதி நெருக்கடியில் 2008 இறுதியில் மறுபடி மூடப்பட்ட சுரங்கத்தை 2009இல் சீன அரசு நிறுவனம் ஒன்று வாங்கியது. அது முலியாஷியில் திறந்தவெளிச் சுரங்கம் அமைத்தது. நீரில் மூழ்கிக் கிடந்த 28ஆம் எண் குழியில் நீரை இறைத்து மீண்டும் தோண்டும் பணியையும் அண்மை ஆண்டுகளில் அதுவே மேற்கொண்டுள்ளது.