உப்புத் தண்ணீர் கலந்த மது

கோஸ் என்பது ஒரு கிரேக்கத் தீவு. அங்கே ஓர் அடிமை திராட்சைச் சாற்றில் கொஞ்சம் களவாடிவிட்டு, எசமானுக்கு அளந்து காட்டும்போது குறை தெரியாதிருக்கக் கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். கோஸ் மது பிறந்த கதையை இப்படித்தான் எழுதிவைத்தார் ரோமானியரான பிளினி. கதை நிசமோ கட்டோ, உப்பு ருசி ஊருக்குப் பிடித்துப்போனது. அவருக்கு இருநூறு ஆண்டு முந்திய கேட்டோ செய்முறையே தருகிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பே, காற்றில்லாத நாளாகப் பார்த்து, நன்னீர் எட்டாத ஆழ்கடலில் போய் நீர் மொண்டுவர வேண்டும். மரக்காணத்து உப்பளத் தொழிலாளிகள் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். பாத்தியில் நல்ல தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு மழைக்கும் அவர்கள் பார்ப்பதுதான்.

அந்த மது ஏன் ஓர் ஊரின் பேரில் விற்றது? கிரேக்கம் அன்று ஒரே நாடாக இல்லை. மைசீனிய அரண்மனைகள் கி.மு. 1200 வாக்கில் அழிந்தன. சில நூற்றாண்டு கழித்து, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஊருக்கு ஊர் தனி அரசு முளைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள். ஒவ்வொன்றுக்கும் தன் சட்டம், தன் தெய்வம், பலவற்றுக்குத் தன் நாணயம். கோஸில் சிதறிக்கிடந்த ஊர்கள் கி.மு. 366-இல் ஒன்றுகூடிப் புதிய நகரை எழுப்பின. பக்கத்துத் தீவான ரோட்ஸ் அதே வேலையைக் கி.மு. 408 வாக்கிலேயே முடித்துவிட்டது. சாடிகளும் ஊர்ப்பற்றோடுதான் வனையப்பட்டன. கூர்ந்த அடி, ஒடுங்கிய கழுத்து எல்லாருக்கும் பொது. கைப்பிடியில் மட்டும் கோஸ்காரர்கள் தனித்துத் தெரிந்தார்கள்: இரண்டு மண் தண்டுகளை அருகருகே ஒட்டிய இரட்டைப் பிடி.

இந்தச் சாடிகள் நம் கரைக்கும் வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர் 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் நம் கிழக்குக் கரையின் மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபத்மா. பொதுகே அரிக்கமேடு என்றும், சோபத்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். இரண்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பின்னர் கசாலும் விமலா பெக்லியும் தொடர்ந்தார்கள். கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கோஸ் வகைக்கே முதலிடம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துக்குள் கோஸ் ரோமின் நிழலுக்குள் போய்விட்டது. இத்தாலியக் குயவர்களே இரட்டைப் பிடியைப் பார்த்துச் செய்து ஏற்றுமதி செய்தார்கள். அரிக்கமேட்டு ஓடுகளிலும் இப்படிப்பட்ட போலிகள் உண்டு. நகரத்தின் சுதந்திரம் போனது, அதன் சாடிக்கு இருந்த பேர் போகவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

இந்த மதுவை யார் குடித்தார்கள்? யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். சாமானியருக்கு அது எட்டியிருக்காது. சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினத்தையும் மரக்காணம் என்றே கருதுவோர் உண்டு. நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுத் துறை அது. அங்கே போகும் பாணனுக்குக் கிடைப்பது, அலை ஒதுக்கிய மரத்தை எரித்து நுளைமகள் காய்ச்சி அரித்த தேறலும் சுட்ட மீனும். யவனச் சாடி அந்த விருந்தில் இல்லை. என்னைக் கேட்டால், கடல்நீர் கலந்த மதுவைவிட அதுவே தேவலை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரி போகிறவர்கள், அரிக்கமேட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாடியைப் பார்த்தால் கைப்பிடியைக் கவனியுங்கள்: ஒற்றைத் தண்டா, இரட்டைத் தண்டா என்று.