முதல் திரையில் ஒரு சொல்

புதிய கைபேசியொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக இயக்குகையில் அது நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி கடவுச்சொல் அன்று, மின்னஞ்சல் முகவரியும் அன்று. எந்த மொழி என்பதே அக்கேள்வி. நீண்டதொரு பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றினிடையே 'தமிழ்' என்றும் ஒரு வரி உண்டு. நம்மில் மிகப்பலர் அவ்வரியைத் தேடுவதே இல்லை. ஏற்கெனவே தெரிவாகி நிற்கும் ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறோம். மொழிப்பற்றுக் குறைந்துவிட்டதே இதற்குக் காரணம் என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். அது எளிய விடை. அந்த ஒரு சொல் அப்பட்டியலில் வந்து சேர்ந்த கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், இவ்வழக்கத்தின் வேர் உள்ளத்தில் மட்டுமன்றிக் கட்டணச் சீட்டிலும் இருந்தது புலப்படும்.

குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குவோம். ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட ஜிஎஸ்எம் முறையில் ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட்டுகள். ஓர் எழுத்துக்கு ஏழு பிட் என்று கணக்கிட்டு அதில் 160 ரோமன் எழுத்துகளை அடைக்கலாம். தமிழை அனுப்ப வேண்டுமாயின் ஓர் எழுத்துக்குப் பதினாறு பிட் வேண்டும். அப்போது அதே இடத்தில் 70 குறிகளே கொள்ளும். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 'வணக்கம்' சொன்ன மாத்திரத்தில் ஏழு குறிகள் செலவாகிவிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரியும், கட்டணமும் இரண்டாகும். அதையே 'vanakkam' என்று ரோமன் எழுத்தில் தட்டினால் எட்டு எழுத்து, நூற்றறுபதில் எட்டு. ஒரு செய்திக்கு இவ்வளவு காசு என்று எண்ணிக் கொடுத்த காலத்தில் கல்லூரி மாணவர் எதைத் தேர்ந்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவதை இன்று பண்பாட்டுச் சீரழிவு என்று பேசுவோர், அதற்கு ஒரு விலைப்பட்டியல் இருந்ததையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கணினியில் நிலைமை அத்துணை மோசமில்லை. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, அதாவது 1991இலேயே, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டுவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யெழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். (மொழியின் போக்கை அறிந்தவர்கள் அமைத்த பலகை என்பது, 'அம்மா' என்று ஒருமுறை தட்டிப் பார்த்தாலே விளங்கும்.) கைபேசியிலோ பன்னிரண்டே விசைகள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 சனவரியில் சிங்கப்பூரில் வெளியானபோதுதான், கைபேசியில் தமிழ் எழுதி அனுப்புவது பொதுமக்கள் கைக்கு எட்டியது. பெறுபவரிடமும் அச்செயலி இருந்தாலன்றிச் செய்தி சென்று சேர்ந்தும் பயனில்லாத கைபேசிகள் அன்று ஏராளம்.

ஏனெனில் எழுதுவது பாதிச் சிக்கல்தான்; படிப்பது மறுபாதி. திறன்பேசிகளின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்தால் தெரிந்தவை கட்டங்கள். வரிவரியாக வெற்றுக் கட்டங்கள். அக்காலத்தில் புதுக் கைபேசி வாங்கிய தமிழ் வாசகர் செய்த முதற்காரியம் ஒரு சடங்கைப்போல் நிலைபெற்றிருந்தது. ஓபரா மினி உலாவியை நிறுவுவார். முகவரி இடுமிடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் இடுவார். விரியும் பட்டியலின் அடிப்பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்ற வரியில் 'இல்லை' என்றிருப்பதை 'ஆம்' என்று மாற்றிச் சேமிப்பார். அதன்பின் ஓபராவின் வழங்கிகள் தமிழ் எழுத்துகளைப் படங்களாக வரைந்து கைபேசிக்கு அனுப்பிவைக்கும். நம் கைபேசிக்குத் தமிழ் தெரியாது. தொலைவிலிருந்த கணினி நமக்காக வரைந்து கொடுத்தது. இந்தக் குறிப்பை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே ஒரு தலைமுறை கைபேசியில் தமிழ் படிக்கத் தொடங்கியது.

கட்டங்களுக்கு அடுத்து வந்தது இன்னும் வேடிக்கை. எழுத்துரு இருக்கும்; அதனைக் கோக்கும் அறிவு இருக்காது. ஒருங்குறியில் 'பெ' என்பது முதலில் பகரமாகவும் பின்னர் எகரக் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. இலக்கணம் சொல்லும் வரிசையும் அதுவே: முன்னே மெய், பின்னே உயிர். திரையில் வரையும்போது மட்டும் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத கைபேசிகளில் கொம்பு சேமித்த இடத்திலேயே நின்றுவிட்டது. 'பெயர்' என்பது 'பயெர்' ஆயிற்று. ஆண்ட்ராய்டு 4.0 வெளிவந்த 2011க்குப் பின்னர்தான் இந்நிலை மெல்ல மாறியது. 2013இல் ஐஃபோனின் ஏழாம் இயங்குதளத்துடன் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உடன்வந்தன.

இவ்வளவிற்குப் பிறகே முதல் திரையின் பட்டியல். 2014இன் இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 5.0தான் தமிழை இடைமுக மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் சிங்களமும் உடன் சேர்ந்தன. இங்கே காலத்தின் ஒரு குறும்பைச் சொல்லாமல் போக மனமில்லை. 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, விசைகள் கொண்ட சிறு கைபேசிகளைத் தமிழ் மண்ணில் தயாரித்துத் தள்ளியது, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. தமிழ்ப் பட்டியல் கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசிகளை எட்டத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆனாலும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2016 அக்டோபரில் இந்திய அரசு பிறப்பித்த ஆணை, நாட்டில் விற்கப்படும் கைபேசிகள் யாவும் 22 அட்டவணை மொழிகளையும் படிக்கக் காட்டவேண்டும், ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் எழுத இடந்தரவேண்டும் என்றது.

ஆகக் கருவியின் பக்கத்தில் தடை நீங்கியது. பழக்கம் நீங்கவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்போரும் சிலநாளில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவதை நண்பர்களிடையே கண்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பையும் குறை சொல்லத்தான் வேண்டும். 'செட்டிங்ஸ்' என்பதற்கு 'அமைப்புகள்' என்று வருகிறது. செய்தித்தாள் படிக்கும் தமிழருக்கோ அமைப்புகள் என்றால் சங்கங்களும் கட்சிகளும். கைபேசியில் ஏதேனும் கோளாறு என்றால் உதவி கேட்கும் இடமெல்லாம் ஆங்கிலப் பெயரையே சொல்லும். தமிழ்த் திரையை வைத்துக்கொண்டு அதைப் பின்தொடர்வது திண்டாட்டம்.

பட்டியலில் இருப்பதும் ஒரே தமிழ் அன்று. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு. இந்தியாவைத் தொட்டால் பத்து இலட்சம் 10,00,000 என்று காட்டப்படும். மலேசியாவைத் தொட்டால் 1,000,000. இலங்கையைத் தொட்டால் மாலை ஆறு மணி 18:00 ஆகிறது. ஒரே எழுத்தை எழுதும் நான்கு நாட்டார் எண்ணுவதில் எப்படி வேறுபடுகிறார்கள் என்பதைக்கூடப் பொறுமையாகக் குறித்துவைத்த யாரோ சிலரின் உழைப்பு அது.

இந்த உழைப்பெல்லாம் யாருக்கு மிகவும் பயன்படுமோ, ஆங்கிலம் அறியாத அந்த முதியவர், முதல் திரையைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ரிச்சி தெருவிலோ ஊர்க் கடைத்தெருவிலோ விற்பனை செய்யும் இளைஞர் பெட்டியைப் பிரித்து, சிம் அட்டையைச் செருகி, நான்கைந்து திரைகளை விரலால் விரைந்து தள்ளிவிட்டு, 'இனிப் பேசலாம்' என்று கொடுத்துவிடுகிறார். வீட்டிலென்றால் அந்த வேலையை மகனோ பேத்தியோ செய்கிறார்கள். எந்த மொழி என்ற கேள்வி அவரிடம் கேட்கப்படவே இல்லை. அவர் சார்பில் வேறொருவர் ஒரு நொடியில் விடையளித்தாயிற்று. அதன்பின் தவறிய அழைப்பு எது, வந்த செய்தி எது என்பதைப் படங்களின் நிறத்தைக்கொண்டு அவர் நினைவில் வைத்துக்கொள்கிறார். பச்சை என்றால் எடுக்க, சிவப்பு என்றால் வைக்க.