மத்லபின் ஆபாக்கள்

டாக்காவுக்குத் தென்கிழக்கே, மேக்னா ஆற்றுப் படுகையில் இருக்கிறது மத்லப். அந்நாளில் மழைக்காலத்தில் வயலெல்லாம் வெள்ளம் நிற்கும். பக்கத்து ஊருக்கே படகில்தான் போகவேண்டியிருந்தது. காலரா ஆய்வுக்காக 1963-இல் இங்கே ஒரு கள நிலையம் வந்தது. 1966 முதல் பிறப்பு, இறப்பு என ஊர் ஊராகப் பதியத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண் கருத்தடையை எப்போது ஏற்கிறாள், எப்போது கைவிடுகிறாள் என்பதற்கு அந்தப் பதிவேடுகள் பின்னாளில் சாட்சி சொல்லின.

1975-இல் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் இலவசமாக வீடு தேடி வந்தன. கொண்டுவந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத, வயதான விதவைகள். பெண்கள் ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் நிறுத்தியும் விட்டார்கள். குமட்டுகிறது, தலை சுற்றுகிறது, இடையிடையே உதிரப்போக்கு. யாரிடம் கேட்பது? கொடுத்துவிட்டுப் போனவருக்கே பதில் தெரியாது.

பெண்கள் நிறுத்தியதைப் பார்த்து, ஏழைகளுக்குப் பிள்ளைகள்தான் சொத்து, மதமும் விடாது என்று பலர் முடிவுகட்டினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆண் பிள்ளையில்லாத விதவைக்கு நிலம் நிலைப்பது கடினம். பெற்றதில் எத்தனை பிழைக்கும் என்றும் தெரியாது.

ஆனாலும் 1977 அக்டோபரில் 70 கிராமங்களில் வேறொரு முயற்சி தொடங்கியது. உள்ளூரைச் சேர்ந்த 80 பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். படித்தவர்கள், மணமானவர்கள், தாங்களே கருத்தடை முறையைப் பயன்படுத்தியவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவது அவர்கள் வேலை.

வங்கக் கிராமத்தில் ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருக்கும். அதற்குப் பெயர் 'பாரி'. பர்தா வழக்கத்தால் அந்த முற்றத்தைத் தாண்டி மருத்துவமனைக்குப் போக முடியாதவளிடம் மருத்துவம் நடந்து வந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் தாங்கும் ஊசியை வீட்டிலேயே போட்டார்கள். ஊசி என்றால் மாமியார் கண்ணில் படாமல் மறைக்க மாத்திரை அட்டை ஏதும் இருக்காது. பக்கவிளைவு என்றால் பார்க்க, பின்னால் செவிலியரும் மருத்துவரும் இருந்தார்கள்.

தொடக்கத்தில் நூற்றுக்கு 7 தம்பதிகள்தான் கருத்தடையைப் பயன்படுத்தினார்கள். 18 மாதத்தில் அது 33 ஆனது. வழக்கமான அரசு சேவை மட்டுமே கிடைத்த பக்கத்து 79 கிராமங்களில் அப்படியொரு ஏற்றம் இல்லை. அங்கும் அதே மதம், அதே வறுமைதான். வேறுபட்டது, கதவைத் தட்டியவரும் அவர் திரும்பி வந்த ஒழுங்கும்.

அந்தப் பாடத்தை அரசும் எடுத்துக்கொண்டது. நாடெங்கும் 20,000-க்கும் மேற்பட்ட பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பெண் கல்வியும் பெருகிவந்த காலம் அது. 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6-க்கு மேல் இருந்த பிள்ளைகள், 1990-களின் நடுவில் 3.3 ஆகக் குறைந்தன.

வீட்டுப் பெண்கள் வெளியே தலைகாட்டாத ஊரில் தனியாக நடந்துபோன அந்தப் பணியாளர்களை ஊரார் 'ஆபா' என்று, அதாவது அக்கா என்று அழைத்தார்கள்.