ராஜ்யம் திரும்பியது, தண்டு திரும்பவில்லை

ஜோகுபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள அல்சூர், 1947 ஜூலை வரை மைசூர் மஹாராஜாவின் ஆட்சியில் இல்லை என்பது நம் அங்கத்தினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1831-ல் எடுத்துக்கொண்ட நிர்வாகத்தை ஆங்கிலேயர் 1881 மார்ச் 25 அன்று சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பித் தந்தனர். தண்டுப் பகுதியை மட்டும் ரெஸிடெண்ட் வசம் வைத்துக்கொண்டனர். அதோடு, 1799 உடன்படிக்கை முதல் வருஷத்துக்கு 24.5 லட்ச ரூபாயாக இருந்த கப்பத்தை 35 லட்சமாக்கினர். 1876-78 பஞ்சத்தில் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்த ஸமஸ்தானம் எங்கிருந்து கொடுக்கும்? உயர்வைத் தள்ளிவைக்கவே திவான்கள் மன்றாட வேண்டியிருந்தது. நம் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1896 முதல் முழுத் தொகையும் வசூலாயிற்று; 1928-ல்தான் பழையபடி குறைந்தது.

சர்க்கார் உத்தியோகத்தில் கணக்குப் பார்த்த பழக்கம் போகவில்லை. அந்த 10.5 லட்சத்தை 32 வருஷத்துக்குப் பெருக்கினேன்: 3 கோடியே 36 லட்சம்.