கழிவுநீரில் 98% பிளாஸ்டிக்கை வடிகட்டியாச்சு... ஆனால் அது கடைசியில் போய்ச் சேரும் இடம் எது?

வாஷிங் மெஷினில் துணி துவைத்து முடிந்ததும் அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே போய்விடும். கூடவே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளும் போகின்றன. "அதான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கே, வடிகட்டிடாதா?" என்று கேட்கலாம். வடிகட்டும். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

மைக்ரோபிளாஸ்டிக் என்பது என்ன?

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களும் இழைகளும்தான் மைக்ரோபிளாஸ்டிக். பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகளில் இருந்து இவை நிறைய உதிர்கின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தாலே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் கணக்கிட்டது.

சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தடுக்கிறது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சுமார் 6.5 லட்சம் பேரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தை ஆய்வாளர்கள் சோதித்தனர். உள்ளே வந்த ஒரு லிட்டர் நீரில் சராசரியாக 15.7 துகள்கள் இருந்தன. வெளியே போனபோது 0.25 தான். அதாவது 98 சதவீதத்துக்கும் மேல் தடுக்கப்பட்டது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வெளியேறும் தண்ணீரின் அளவு மிக அதிகம். அதனால் மிச்சமுள்ள 2 சதவீதத்துக்கும் குறைவான பங்கே தினமும் சுமார் 6.5 கோடி துகள்களாக கிளைட் ஆற்றில் கலப்பதாக 2016-ல் வெளியான அந்த ஆய்வு கூறியது.

பிடிபட்ட பிளாஸ்டிக் என்ன ஆகிறது?

சுத்திகரிப்பு நிலையம் பிளாஸ்டிக்கை அழிப்பதில்லை, தண்ணீரில் இருந்து பிரிக்க மட்டுமே செய்கிறது. முதலில் மணலும் எண்ணெய்ப் பசையும் அகற்றப்படும். பிறகு தண்ணீரைத் தொட்டியில் தேக்குவார்கள், கனமானவை அடியில் படியும். அடுத்த கட்டத்தில் பாக்டீரியாக்கள் மலக் கழிவையும் உணவுக் கழிவையும் சிதைக்கும். பிளாஸ்டிக் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில் அதில் பெரும்பகுதி 'ஸ்லட்ஜ்' எனப்படும் கசடில் சேர்ந்துவிடுகிறது.

பிரிட்டனின் சவுத் வேல்ஸில் உள்ள ஒரு நிலையத்துக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள துகள்கள் மட்டுமே ஒரு நாளைக்கு 65 கோடி வரை வருவதாக கார்டிஃப் பல்கலைக்கழகம் பங்கேற்ற ஆய்வு 2022-ல் தெரிவித்தது. அவை எல்லாமே கசடில்தான் தங்கின. கசடின் எடையில் சுமார் 1 சதவீதம் பிளாஸ்டிக்!

வயலுக்கு எப்படி வருகிறது?

கசடில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதால் ஐரோப்பாவின் பல நாடுகளில் அது பதப்படுத்தப்பட்டு உரமாக வயலில் போடப்படுகிறது. இப்படி ஆண்டுக்கு 31,000 முதல் 42,000 டன் மைக்ரோபிளாஸ்டிக் ஐரோப்பிய விளைநிலங்களில் சேரலாம் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு.

இதற்கு விதியே இல்லையா? இருக்கு. ஆனால் ஐரோப்பாவின் 1986-ம் ஆண்டு கசடு விதி காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்குத்தான் வரம்பு வைத்தது. பிளாஸ்டிக்குக்கு வைக்கவில்லை.

மண்ணில் சேர்ந்த துகள்கள் எளிதில் மட்காது. வருஷா வருஷம் கசடு போடப் போட அளவு கூடும். மழைநீர் அரித்துச் சென்றால் மறுபடியும் ஆற்றுக்கே போகும். எந்த ஆற்றைக் காப்பாற்ற வடிகட்டினார்களோ, அதே ஆற்றுக்கு!

தீர்வு என்ன?

சுவிட்சர்லாந்து கசடை உரமாகப் போடுவதைத் தடை செய்து எரித்துவிடுகிறது. ஆனால் எரித்தால் நைட்ரஜன் சத்து மண்ணுக்குத் திரும்பாது. அதனால் பிளாஸ்டிக் கழிவுநீரில் கலப்பதையே குறைப்பதுதான் முதல் வழி. கழுவி விடும் அழகுசாதனப் பொருட்களில் பிளாஸ்டிக் மணிகளைத் தடுக்க அமெரிக்கா 2015-ல் சட்டம் போட்டது. 2025 முதல் புதிய வாஷிங் மெஷின்களில் இழை வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020-ல் சட்டம் இயற்றியது.

வீட்டிலும் செய்யலாம். மெஷின் நிறையும் அளவு துணி சேர்ந்ததும் குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் துவைத்தால் இழை உதிர்வது குறையும். ஃபில்டரில் சேரும் பஞ்சை சிங்க்கில் கழுவாதீங்க, குப்பைத் தொட்டியில் போடுங்க. கழுவினால் அது மறுபடியும் கழிவுநீருக்கே போகும்.